பாரோய் போர்க்களமும் படைக்கலச் சேகரிப்பும்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர் நோக்கில் ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

போர்க்கருவிகளைப் போர்க்களத்திற்கு அப்பால் வைத்துக் காணும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியதாக அமைந்த புறநானூற்று 95ஆம் பாடலைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அணி செய்து, நெய் பூசி, காவலுடன் வைக்கப்பட்டிருந்த தொண்டைமானின் கருவிகளையும், போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்த அதியமானின் கருவிகளையும் அப்பாடல் அருகருகே நிறுத்திக் காட்டுகிறது. காட்சிக்கு வைக்கப்பட்ட கருவி வேறு, பயன்பட்ட கருவி வேறு என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது.

இராணுவப் பதக்கங்கள், தலைக்கவசங்கள், போர்க்காலக் கருவிகள் ஆகியவற்றைச் சேகரித்தல் இன்று உலகின் பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்காகும். அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றின் சேகரிப்பைப் போலவே இதற்கும் விலைப்பட்டியல்களும் ஏலங்களும் வல்லுநர்களும் உள்ளனர். எனினும், அஞ்சல்தலைக்கு இல்லாத ஒரு சுமை போர்ப்பொருளுக்கு உண்டு. அது ஒருவரின் துணிவையோ வேறொருவரின் சாவையோ, பல வேளைகளில் இரண்டையும் சேர்த்தே, தாங்கி நிற்கிறது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானை அடுத்துள்ள பாரோயை மையமாகக் கொண்டு இச்சேகரிப்பை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1875ஆம் ஆண்டுப் போர், ஜப்பானியர் ஆட்சிக்காலம், அவசரகாலம் ஆகிய மூன்று காலகட்டங்களிலும் இவ்வட்டாரத்தில் போர்ப்பொருள்கள் புழங்கின. அவற்றுள் எவை தமிழரின் வரலாற்றைச் சொல்கின்றன, எவை அதனைச் சொல்லாமல் விடுகின்றன என்னும் வினாவே இங்கு முதன்மை பெறுகிறது.

பாரோயும் 1875ஆம் ஆண்டுப் போரும்

இன்று பாரோய் என்றவுடன் வீடமைப்புப் பகுதிகளும் துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கமுமே பலரின் நினைவுக்கு வரும். ஆனால், சிரம்பானிலிருந்து புக்கிட் பூத்துஸ் கணவாய் வழியாகக் கோலா பிலாவுக்குச் செல்லும் பாதையில் அமைந்திருந்ததால், பாரோய் ஒரு காலத்தில் போர்முனையாக விளங்கியது.

1875 நவம்பர் 2ஆம் நாள் பேராக்கின் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ஆலோசகர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பெர்ச் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து ஆங்கிலேயர் படை திரட்டிய வேளையில், சுங்கை ஊஜோங்கிலும் பூசல் மூண்டது. ஸ்ரீ மெனாந்தியின் துங்கு அந்தாவின் படையினர் கணவாயைக் கடந்து பாரோயில் அரண் அமைத்தனர். டிசம்பர் மாதத்தில் 10ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் ஹிங்ஸ்மன் தலைமையில் சென்ற சிறுபடை அவர்களைப் பாரோயில் தாக்கியது. கடும் மோதலுக்குப் பின் அவர்கள் புக்கிட் பூத்துஸுக்குப் பின்வாங்கினர். டிசம்பர் 20ஆம் நாள் 1ஆம் கூர்க்காப் படையுடன் பணியாற்றிய கேப்டன் ஜார்ஜ் நிக்கலஸ் சானர், அங்கிருந்த மர அரணுக்குள் முதலாவதாகப் பாய்ந்தார். அச்செயலுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. பிரிட்டனின் மிக உயர்ந்த அவ்வீரப்பதக்கம் நெகிரி செம்பிலான் மண்ணில் நிகழ்ந்த ஒரு சண்டைக்காகக் கிடைத்தது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தியாகும்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, சானரைப் பின்தொடர்ந்து அதே அரணுக்குள் புகுந்த கூர்க்கா வீரர் எவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்திருக்க இயலாது. இந்தியப் படையின் சுதேச வீரர்கள் அப்பதக்கத்திற்குத் தகுதியுடையவராக்கப்பட்டது 1911ஆம் ஆண்டு டில்லி தர்பாரின்போதுதான். இரண்டாவது, இப்போர்த்தொடருக்காக இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படைகளுள் சென்னை சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் ஒரு பிரிவும் இருந்தது. தமிழரும் தெலுங்கரும் மிகுதியாகச் சேர்ந்த படை அது. எனவே, ரப்பர் மரம் இந்நாட்டில் வேரூன்றுவதற்கு முன்பே, சென்னை மாகாணத்தவர் சிலர் சீருடை அணிந்து இம்மலாய் மாநிலங்களின் போர்த்தொடரில் பங்கேற்றுள்ளனர்.

பதக்கத்தின் விளிம்பு

இப்போர்த்தொடரில் பங்கேற்றோருக்கு 1854ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியப் பொதுச்சேவைப் பதக்கம், 'பேராக்' என்னும் பட்டையுடன் வழங்கப்பட்டது. வெள்ளியாலான அப்பதக்கத்தின் ஒரு பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் தலை உருவமும், மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் வீரனுக்கு வெற்றித் தேவதை முடிசூட்டும் காட்சியும் அமைந்துள்ளன. 1875 நவம்பர் 2 முதல் 1876 மார்ச் 20 வரையிலான பணிக்கு அப்பட்டை உரியது.

பட்டையில் உள்ள சொல்லை மட்டும் படிப்பவர், அதனை அணிந்தவர் பேராக்கில் போரிட்டார் என்றே கருதுவார். உண்மையில், பாரோயிலும் புக்கிட் பூத்துஸிலும் போரிட்டவருக்கும் அதே பட்டைதான் கிடைத்தது. சுங்கை ஊஜோங் என்னும் பெயர் எந்தப் பதக்கத்திலும் இடம்பெறவில்லை. ஆகவே, பதக்கம் ஒரு சான்று என்றாலும் அது முழுச்சான்றன்று. அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டுள்ள எண், பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பதக்கப் பதிவேட்டுடன் ஒப்பிட்ட பின்னரே அதன் உரிமையாளர் எங்கிருந்தார் என்று உறுதிசெய்ய முடியும். பிரிட்டிஷ் படையினரின் இத்தகைய பதிவேடுகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்திலும், இந்தியப் படையினருடையவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளிலும் உள்ளன.

தேர்ந்த சேகரிப்பாளர் பதக்கத்தின் முகப்பைவிட விளிம்பையே முதலில் பார்ப்பது இதனால்தான். பெயர் அழிக்கப்பட்டு வேறு பெயர் பொறிக்கப்பட்ட பதக்கம் மதிப்பிழந்துவிடுகிறது. பளபளப்பாகத் தேய்க்கப்பட்ட பதக்கத்தில் எழுத்துகள் மங்கிவிடுகின்றன. இங்குச் சேகரிப்பாளரின் நலனும் வரலாற்றாசிரியரின் நலனும் ஒன்றுபடுகின்றன.

பதக்கத்தின் உலோகமும் ஒரு செய்தியைச் சொல்லும். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப்பதக்கம் ஏறத்தாழ 65 இலட்சம் பேருக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சீனர், மால்ட்டா நாட்டவர், இந்தியர் முதலிய தொழிலாளர் படையினருக்கோ அதே பதக்கம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 110,000 ஆகும். துப்பாக்கி ஏந்தியவருக்கு வெள்ளி, மண்வெட்டி ஏந்தியவருக்கு வெண்கலம் என்னும் இப்படிநிலை, தோட்டத் தமிழரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள நமக்கு உதவுகிறது. மண்வெட்டி ஏந்தியவருக்கு எந்த உலோகமும் கிடைக்காத காலமும் பின்னர் வந்தது.

ஜப்பானியர் காலத்துப் பொருள்கள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் தரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரைக் கைப்பற்றியது. ஜனவரி 14ஆம் நாள் நெகிரி செம்பிலானின் கெமாசுக்கு அருகிலுள்ள கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் அதனைப் பதுங்கித் தாக்கினர். பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

இக்காலப் பொருள்களுள் சேகரிப்பாளர் பெரிதும் நாடுவன ஜப்பானிய வாள், நட்சத்திரச் சின்னம் பதித்த எஃகுத் தலைக்கவசம், அரிசாகா துப்பாக்கியின் முனைக்கத்தி ஆகியனவாகும். அரிசாகா துப்பாக்கியின் மேற்பகுதியில் செவ்வந்திப் பூ முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். அது பேரரசருக்குரிய அடையாளம். சரணடைவின்போது பல துப்பாக்கிகளில் அம்முத்திரை அராவி அழிக்கப்பட்டது. எனவே, முத்திரை முழுமையாக இருப்பதும் அழிந்திருப்பதும் அத்துப்பாக்கி எவ்வாறு கைமாறியது என்பதை ஊகிக்கத் துணைபுரிகின்றன.

ஆயினும் ஒரே பொருள் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. 1942 மார்ச்சில் இம்மாநிலத்தின் தித்தி, பாரிட் திங்கி ஆகிய ஊர்களில் சீனக் குடும்பங்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. அவ்வூர்களில் பிழைத்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளனர். சேகரிப்பாளருக்குக் கலைநயம் மிக்கதாகத் தோன்றும் வாள், அவர்களுக்கு வேறொன்றாகத் தோன்றும். அதனைக் காட்சிக்கு வைப்பவர் இவ்வரலாற்றையும் உடன்வைத்தல் வேண்டும்.

தோட்ட வீடுகளில் எஞ்சியவை பெரும்பாலும் இத்தகைய வாள்களல்ல. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்ட ஜப்பானியக் காசுதான் பல குடும்பங்களின் பெட்டியில் தங்கியது. போர் முடிந்ததும் அது செல்லாக்காசாயிற்று. உழைப்புக்கு ஈடாகக் கிடைத்த அத்தாளே பல தோட்டத் தமிழருக்குப் போர் விட்டுச்சென்ற ஒரே 'பதக்கம்' எனலாம்.

பதக்கம் பெறாதோர்

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் நிறைவெய்தியது. அதில் ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தவர் 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர்கள்.

காஞ்சனபுரி போர்க்கல்லறையில் 6,982 வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மரண இரயிலில் மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கோ பெயர் பொறித்த கல்லும் இல்லை, பெயர் பொறித்த பதக்கமும் இல்லை. அவர்கள் எப்படையையும் சேராதவர்கள் என்பதால் எந்தப் பதக்கப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. அவர்களுடைய பெயர்கள் இருந்திருக்கக்கூடிய ஒரே ஏடு தோட்ட நிர்வாகத்தின் செக்ரோல் பதிவேடாகும். போருக்குப் பின்னரும், 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், அத்தகைய ஏடுகளைப் பேணிக் காக்க வேண்டும் என்று கருதியவர் மிகச் சிலரே.

பெயர் பொறித்தலின் அருமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் எடுக்கும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. வீழ்ந்தவன் பெயரும் புகழும் கல்லில் எழுதப்பட்டன. 2023 மே மாதத்தில் காஞ்சனபுரியில் மரண இரயில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, பழைய மரபின் வழியிலேயே அவர்கள் நினைவு கூரப்பட்டமை குறிப்பிடத்தக்கது. எனினும், தனித்தனிப் பெயர்கள் இன்னும் தேடப்படவேண்டியனவாகவே உள்ளன.

சேகரிப்பாளர் கண்ணில் எளிதில் படாத ஒரு பொருளையும் இங்குச் சுட்ட வேண்டும். இம்மாநிலத்தின் தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் கழற்றிச் சயாம் பாதைக்குக் கொண்டுசென்றனர். ஆளும் இரும்பும் ஒரே திசையில் சென்றன. தலைக்கவசத்தைவிட அத்தண்டவாளத் துண்டொன்றே தமிழரின் போர்க்கால அனுபவத்திற்கு நெருங்கிய சின்னமாகும்.

இந்திய தேசிய இராணுவத்தின் சின்னங்கள்

1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் போன்ற பெண்களும் சீருடை அணிந்தனர். கங்காணிக்கும் கிராணிக்கும் அஞ்சி நின்றவர், நிமிர்ந்து வணக்கம் செலுத்தக் கற்ற காலம் அது.

இதன் காரணமாக, இந்திய தேசிய இராணுவத்தின் தொப்பிச் சின்னம், தோள்பட்டைச் சின்னம் ஆகியவற்றுக்குச் சேகரிப்பாளரிடையே பெரும் மதிப்பு உண்டு. மதிப்பு மிகுந்த இடத்தில் போலியும் மிகும். 'ஷேர்-இ-ஹிந்த்', 'வீர்-இ-ஹிந்த்' முதலிய ஆசாத் ஹிந்த் விருதுகள் 1942இல் போஸ் ஜெர்மனியில் இருந்தபோது நிறுவப்பட்டவை. வியன்னாவின் சூவால் நிறுவனம் அவற்றை வார்த்தது. பின்னாளில் வார்க்கப்பட்ட படிகளும் சந்தையில் உலவுகின்றன. ஐரோப்பாவில் உருவான அத்தகைய விருதொன்று மலாயாத் தோட்டத்து வீரருக்குரியது என விற்பனைக்கு வருமாயின், வலுவான ஆவணச் சான்று இன்றி அதனை ஏற்றல் தகாது. அதற்கு மாறாக, எழுத்து மங்கிய ஒரு நன்கொடைச் சீட்டோ முகாமில் எடுத்த ஒரு புகைப்படமோ, விலை குறைவாயினும், வரலாற்று மதிப்பில் உயர்ந்ததாகும்.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியபோது, சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் எழுப்பிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம் தகர்க்கப்பட்டது. கல்லால் ஆன சின்னமே விட்டுவைக்கப்படாத நிலையில், துணியாலும் தகரத்தாலும் ஆன சின்னங்களை வீட்டில் வைத்திருப்பது எளிதன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரகாலமும் ஆயுத அச்சமும்

ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி வழங்கப்பட்டது. எல்லா ஆயுதங்களும் திரும்பி வரவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது அவை மீண்டும் வெளிப்பட்டன. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

அவ்விதியின் கடுமையைத் தமிழர் நேரில் கண்டனர். பான் மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவர் உயிரைக் காக்க முயன்றும் பயனில்லை. ஒரு கைத்துப்பாக்கி ஒரு மனிதரின் உயிருக்கு விலையாக இருந்த அக்காலத்தை, துப்பாக்கியைச் சேகரிப்புப் பொருளாக மட்டுமே காண்போர் மறக்கலாகாது.

1950களில் சிரம்பான் 63ஆம் கூர்க்காக் காலாட்படைப் பிரிவின் தலைமையிடமாக இருந்தது. பாரோயிலும் ராசாவிலும் இராணுவ முகாம்கள் இயங்கின. இக்காலப் படையினருக்குப் பொதுச்சேவைப் பதக்கம் 'மலாயா' என்னும் பட்டையுடன் வழங்கப்பட்டது. அதன் விளிம்பிலும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளதால், உரியவரைக் கண்டறிதல் இயலும். 1957 ஆகஸ்டு 31 முதல் 1966 டிசம்பர் 31 வரை பணியாற்றிய காமன்வெல்த் படையினருக்காக மலேசிய அரசு பின்னாளில் 'பிங்காட் ஜாசா மலேசியா' என்னும் பதக்கத்தையும் நிறுவியது.

சட்டமும் நெறியும்

மலேசியாவில் பதக்கம், சீருடை, தலைக்கவசம் ஆகியவற்றைச் சேகரித்தல் ஒரு வகை; துப்பாக்கி, தோட்டா, வெடிபொருள் ஆகியவை முற்றிலும் வேறு வகை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றமாகும். பார்வைக்குத் துப்பாக்கி போலத் தோன்றும் போலிக் கருவிகளையும் அச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. துருப்பிடித்தது, பழையது, தாத்தா வைத்திருந்தது என்னும் காரணங்கள் பாதுகாப்பாகா. கட்டுமானப் பணிகளுக்காக நிலத்தைத் தோண்டும்போது போர்க்காலக் குண்டுகள் இன்றும் வெளிப்படுகின்றன. அவற்றைத் தொடாமல் காவல்துறைக்கு அறிவிப்பதே முறை.

2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம், குறைந்தது 50 ஆண்டுப் பழைமையுடைய பொருள்களைத் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகிறது. பண்பாட்டு மதிப்புடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுத்தவர் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் அச்சட்டம் பணிக்கிறது. ஆகவே, பழைய தோட்ட நிலங்களில் உலோகங்காட்டிக் கருவியுடன் தேடி, கிடைத்ததை விற்பது சட்டத்திற்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே ஊறு செய்வதாகும். மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள், தான் கிடந்த இடத்தைப் பற்றிய சான்றை இழந்துவிடுகிறது.

தமிழாசிரியர்கள் இத்துறையில் ஆற்றத்தக்க பணி பெரிது. மாணவரின் வீட்டில் ஒரு பதக்கமோ சின்னமோ பழந்தாளோ இருப்பின், அதனை வாங்கவோ தேய்த்துத் துலக்கவோ முற்படாமல், இரு பக்கங்களையும் விளிம்பையும் படமெடுக்கச் செய்யலாம். அது யாருடையது, எவர்வழி வந்தது, எந்தத் தோட்டத்தில் எவ்வளவு காலம் இருந்தது என்பவற்றைக் குடும்பத்து மூத்தோரின் சொற்களிலேயே எழுதி வைக்கச் செய்யலாம். பொருளே இல்லாத வீடுகளில் பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் மட்டுமாவது பதிவு செய்யலாம். போர்ட்டிக்சனிலுள்ள தரைப்படை அருங்காட்சியகம், சிரம்பானிலுள்ள மாநில அருங்காட்சியகம் ஆகியவற்றிற்குச் செல்லும் மாணவரிடம், காட்சிப்பேழையில் யாருடைய பொருள் உள்ளது என்பதோடு யாருடைய பொருள் இல்லை என்றும் வினவலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. போர்ப்பொருள்கள் அரசுகள் மதித்தோரின் வரலாற்றையே மிகுதியாகத் தாங்கியுள்ளன. பாரோயில் நடந்த சண்டை பேராக்கின் பெயரால் பதக்கமாயிற்று. அரணுக்குள் பாய்ந்தவருள் அதிகாரி மட்டுமே உயர்பதக்கத்திற்குத் தகுதி பெற்றார். சயாம் சென்ற தோட்டத் தமிழர் எந்த உலோகத்திலும் இடம்பெறவில்லை. எனவே, கிடைக்கும் பொருள்களை மட்டும் அடுக்கி வரலாறு எழுதினால், அது முழுமை பெறாது.

அதற்காகச் சேகரிப்பை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சட்டத்திற்கு உட்பட்டு, பொருளின் வழிவரவை எழுதி வைத்து, உரியவரின் பெயரைத் தேடும் சேகரிப்பாளர் வரலாற்றாய்வாளரின் துணைவராகிறார். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் போர்க்காலத்தைக் கண்டவருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்தி வருகின்றனர். பொருள்களைத் தேடும் ஆர்வத்தில் ஒரு பகுதியேனும் அவர்களிடமிருந்து பெயர்களைத் தேடுவதற்குத் திரும்புமாயின், எந்தப் பேழையிலும் இல்லாத வரலாறு நமக்குக் கிடைக்கும். அப்பணியை நம் பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் இணைந்து விரைந்து மேற்கொள்ளல் நலம்.